கள்ளிக்குக் கொடுத்த நான்கு கால்கள்

1

இந்தக் கதை ஒரு செடியின் மேல் எனக்கு வந்த பொறாமையில் பிறந்தது. நான் கட்டிலில் கிடந்த காலத்தில் அது நடந்துகொண்டிருந்தது. செடி எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். கேட்காதவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.

வேலையில் இருந்தவரை நான் வானிலை அறிக்கை எழுதினேன். நடக்காததை நடக்கும் என்று நிதானமாக எழுத எனக்குச் சம்பளத்தோடு பயிற்சி கிடைத்தது.*

* இந்த வரியைப் படித்த சம்பந்தி, "நீங்க மழைன்னு எழுதினா நாங்க துணி காயப்போடுவோம்" என்றார். அவர் மூன்றாம் பகுதியில் வரவேண்டியவர். காத்திருக்கப் பொறுமையில்லாமல் அடிக்குறிப்பில் நுழைந்துவிட்டார்.

2

முதல் தொடக்கம்: "பொன்வெயில் சன்னல் வழியே வழிந்த ஒரு காலையில் அந்த முதியவர்"

வேண்டாம். எங்கள் சன்னலில் வெயில் வழியாது. எதிர்க் கட்டடம் உபயோகித்து முடித்த மிச்சம்தான் வரும்.

இரண்டாம் தொடக்கம்: "கள்ளியின் மௌனத்தைப் பற்றி"

இதுவும் வேண்டாம். எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் தொடக்கம்: குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இதில் அழகு இல்லை, ஆனால் ஓர் இடுப்பெலும்பு இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

எலும்பைச் சேர்த்துத் தைத்த டாக்டர், "நடந்தா நடப்பீங்க. நடக்கலைன்னா கட்டில்தான்" என்றார். மகன் வாக்கர் ஒன்று வாங்கிவந்தான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு ரப்பர் கால், சாமான் வைக்க ஒரு கூடை. அதை நான் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. எழுந்து நின்றால் மறுபடி விழுவேன் என்று பயமாக இருந்தது.

[இந்தப் பயத்தை முதலில் அடித்துவிட்டேன். வீரமான இடங்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது கதை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் திரும்பச் சேர்த்திருக்கிறேன்.]

எனக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் நான் சுவரையே பார்த்துக் கிடப்பதைக் கவனித்து, ஒருநாள் தன் வீட்டிலிருந்து ஒரு கள்ளித் துண்டைத் தொட்டியில் நட்டுக் கொண்டுவந்தாள். மூன்று பட்டைத் தண்டு, முழங்கை நீளம்.

"நீங்கதான் என் பேச்சைக் கேக்கறதில்ல. இதாவது கேக்குதான்னு பாப்போம். மண்ணு நல்லா காஞ்சப்புறம்தான் தண்ணி. ஏறிப் படர்ற சாதி சார் இது, பிடிச்சுக்க ஏதாவது கொடுங்க."

வாக்கரைக் கொடுத்தேன்.

"மாமா, அது உங்களுக்கு வாங்கினது" என்றாள் மருமகள்.

"எனக்கு ஏறத் தெரியாதும்மா. அதுக்குத் தெரியும்."

தொட்டியைக் கூடையில் வைத்து, தண்டைப் பழைய பனியன் கிழிசலால் வாக்கரின் கம்பியில் கட்டச் சொன்னேன். கொஞ்ச நாளில் தண்டின் பக்கவாட்டில் வேர்கள் முளைத்துக் கம்பியைக் கவ்விக்கொண்டன. இனி வாக்கரைப் பிடுங்கினால் ஓர் உயிரைக் கொன்ற பாவம் சேரும். நான் நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன்.

3

சம்பந்தி என்பவர் என் மருமகளின் அப்பா. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். பெட்டியைத் திறந்து சட்டைகளை ஹாங்கரில் மாட்டிய விதத்திலேயே அது என்ன மாதிரி வாரம் என்று புரிந்துவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு படுக்கையறை. ஒன்றில் மகனும் மருமகளும். இன்னொன்றில் மனைவியை இழந்த இரண்டு கிழவர்கள், எதிரெதிர்க் கட்டிலில்.

கதையின் முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதி, பெரிய மீசை வைத்தேன். படித்துவிட்டு, "எனக்கேது மீசை?" என்றார்.

"கதையில இருக்கு."

"அப்ப தலையிலயும் கொஞ்சம் முடி எழுதிடுங்க. இடம் காலியாத்தானே கிடக்கு."

இப்படிப்பட்டவரை வில்லனாக நிறுத்துவது கஷ்டம். இருந்தாலும் முயன்றுகொண்டிருந்தேன்.

அவர் வாழ்நாள் முழுக்க ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் பக்கத்துல உக்காந்து கத்தமாட்டேன் சம்பந்தி. ஓரளவு பழகினதும் இறங்கி, திடல்ல வண்டிக்கு முன்னாடி போய் நின்னுக்குவேன். 'என்கிட்ட வரைக்கும் வா, போதும்'பேன். அவங்க வர வர நான் ஒவ்வொரு அடியா பின்னாடி போவேன். பாத்தா திடலே முடிஞ்சிருக்கும். ஓட்டினவங்களுக்கே தெரியாது."

"யாரும் இடிக்கலியா?"

"ஒரே ஒருத்தி இடிச்சா. அவளைத்தான் உங்க பையனுக்குக் கட்டிக் கொடுத்தேன்."

அப்போது சிரித்ததோடு விட்டுவிட்டேன். நீங்கள் அப்படி விடவேண்டாம்.

4

செடி முதலில் என் தலைமாட்டில் இருந்தது. படுத்தபடியே தண்ணீர் ஊற்றுவேன். ஒருநாள் காலையில் கை நீட்டினால் எட்டவில்லை.

"சம்பந்தி, செடி தள்ளிப் போயிருக்கே."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "வெளிச்சம் தேடிப் போகுது. நீங்கதான் சக்கரம் வெச்சுக் கொடுத்திருக்கீங்களே."

எழுந்து உட்கார்ந்து ஊற்றினேன். பிறகு கால்களைத் தொங்கப்போட வேண்டியிருந்தது. பிறகு நிற்க வேண்டியிருந்தது. அலமாரியைத் தாண்டி அது போன அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். கூடத்துக்குள் அது நுழைந்த அன்று சுவரே இல்லாத ஓர் இடத்தைக் கடந்தேன். வானிலைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன், தாவரங்கள் நடக்கும். பொறுமைசாலிகள், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்த ஒவ்வொரு முறையும் வெற்றிக்கு அடையாளமாக ஒரு குவளை ஊற்றினேன். தவறு அங்கேதான். என் கால் தேறத் தேற அதன் கால் அழுகிக்கொண்டிருந்தது. ஒருநாள் தண்டின் அடி மஞ்சளாகி, கனிந்த வாழைப்பழம்போல் அமுங்கியது.

"யாரு இவ்வளவு தண்ணி ஊத்தினது?" என்றாள் பிசியோ பெண்.

"வானிலை இலாகா" என்றார் சம்பந்தி.

அவள் அழுகலை வெட்டி எறிந்தாள். தொட்டியின் ஈர மண்ணை வெளியே கொட்டினாள். மிச்சத் தண்டு வாக்கர் கம்பியில் அந்தரத்தில் தொங்கியது.

"போச்சா?"

"வேர் கம்பியை விடலை பாருங்க சார். வெட்டின இடம் காயட்டும். புது மண்ணுல வெச்சுடலாம். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கூடாது."

அந்த நாள்களில் செடியிடம் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. குவளை இல்லாமல், வெறும் கையோடு, விட்டுவிட்டதா பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் தினமும் கூடம்வரை போய் வந்தேன். போய் வருவதற்கு நடை என்று பெயர் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

5

புது மண்ணில் அது பிழைத்தது. நுனியில் ஒரு பச்சைத் துளிர் வந்தது. நகர்ந்து நகர்ந்து பால்கனிக் கதவுவரை போய் நின்றது. அங்கே ஒரு சாண் உயரத்துக்குச் சிமென்ட் தடுப்பு உண்டு. சக்கரம் ஏறாது. "இருவரும் வாசலில் நின்றோம்" என்று கதையை முடிக்க வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் செடி தடுப்புக்கு அந்தப் பக்கம், வெயிலில் நின்றது.

கதவுச் சட்டத்தைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினேன். விழுந்த நாளுக்குப் பிறகு முழு வானத்தை அன்றுதான் பார்த்தேன். மேற்கே இரண்டு மேகம். சாயங்காலம் மழை வரும் என்று சத்தமாகச் சொன்னேன். வரவில்லை. அதனால் என்ன?

திரும்பி அறைக்கு வந்தால் சம்பந்தி மல்லாந்து கிடந்தார். அறை முழுக்கத் தைல வாடை.

"என்ன ஆச்சு சம்பந்தி?"

"தூக்கத்துல முதுகு பிடிச்சுக்கிச்சு."

"கனவு அவ்வளவு கனமா?"

"ஆமா. மண்ணும் தொட்டியுமா வந்துச்சு."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வில்லன் வேலையிலிருந்து அவரை அன்றே நீக்கினேன்.

6

சம்பந்திகளுக்குள் மரியாதை உண்டு, குத்தல் உண்டு. நன்றி சொல்வதற்கு மட்டும் வழி கிடையாது. சொன்னால் "என்ன சம்பந்தி, உடம்பு சரியில்லையா?" என்பார். கதையில் சொல்லிவிடலாம் என்று சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். [அடித்தாயிற்று. அவருக்கு முதுகு, எனக்கு இடுப்பு. இருவரும் ஒரே ஆம்புலன்ஸில் போக வேண்டிவரும்.]

(ஆ) கள்ளி தாம்பாளம் அளவுக்குப் பூத்தது. [பூக்க இன்னும் காலம் ஆகும் என்கிறாள் பிசியோ பெண். என் அறிக்கைப்படி நாளை பூக்கும்.]

(இ) செடி மாடிப்படி இறங்கித் தெருவைக் கடந்து போய்விட்டது. [எனக்கு மிகவும் பிடித்த முடிவு. கீழே இருக்கும் காவலாளி ஒத்துழைக்க மறுக்கிறார்.]

7

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இன்று காலை நடந்தது மட்டும் இருக்கிறது.

சம்பந்திக்கு முதுகு தேறிவிட்டது, இனி எழுந்து நடமாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்தான் எழவில்லை. அசைந்தால் மறுபடி பிடிக்கும் என்கிறார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அது என்னுடையதாக இருந்தது.

காலையில் அவர் கண் விழிக்குமுன் அவருடைய செய்தித்தாளை எடுத்துவந்து, வழக்கம்போல் தலையணையருகே வைக்காமல், கட்டிலிலிருந்து கைக்கு எட்டாத நாற்காலியில் வைத்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

"சம்பந்தி, பேப்பர் எங்க?"

"அங்க இருக்கு பாருங்க."

"அங்க எப்படிப் போச்சு?"

"வெளிச்சம் தேடிப் போயிருக்கும்."

வெகுநேரம் என்னையே பார்த்தார். நான் தலை நிமிராமல் எழுதுவதுபோல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டில் கிறீச்சிடுகிறது. இதற்கு மேல் பார்த்தால் கூச்சப்படுவார், நான் பால்கனிக்குப் போகிறேன். மண் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசி வாக்கியத்தை இங்கேயே திறந்து வைக்கிறேன். சத்தம் போடாமல் நீங்கள் முடித்துவையுங்கள்:

சம்பந்தி இரண்டு கால்களையும் தரையில் வைத்து, நாற்காலியை ஒருமுறை பார்த்து,