ராணியின் கன்னம்

இந்தக் காலத்துச் சனம் செத்தவீட்டுக்கு வந்தால் பெட்டியைப் பார்க்க முதல் போனைத்தான் பார்க்கிறது. ஞானசுந்தரத்தின் மருமகன் லக்ஸன் அதற்கும் மேலே போனான். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் மயான மண்டபத்தில், திறந்த பெட்டிக்குள் மாமி கிடக்க, அவன் ஜன்னலோரம் நின்று மாமியின் காசைப் போனில் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராணித் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய். பெட்டிக்குள் கிடக்கிற அவர் மனைவி கமலாம்பிகை இலங்கையை விட்டு வெளிக்கிட்டபோது அவளின் தம்பி கையில் வைத்துவிட்டது. அதை அவள் கையோடேயே அனுப்பவேண்டும் என்று ஞானசுந்தரம் காலையில் சொன்னார். மகள் தக்சாயினி மறித்துவிட்டாள்.

“விலை தெரியாமல் நெருப்புக்குள்ள போடுறதே அப்பா? இவர் பழங்காசு சேர்க்கிறவர். ஒருக்காப் பாக்கட்டும்.”

“பாக்கட்டும். அவருக்குத் தெரியாததே.”

லக்ஸன் காசைச் சரித்தான், நிமிர்த்தினான். விளிம்பை மட்டும் பிடித்தான். அவ்வளவு பக்குவமாக ஒருநாளும் அவன் மாமியின் கையைப் பிடித்ததில்லை.

“கோவிக்காதேங்கோ மாமா. எழுத்து இருக்கு, வருசம் வாசிக்கலாம். முகம்தான் தேஞ்சு போட்டுது. ராணிக்குக் கன்னமுமில்லை, மூக்குமில்லை.”

“கை மாறிப் போன காசு தேயாதே?”

“கை மாறினால் ரெண்டு பக்கமும் தேயும். இது ஒரு பக்கம்தான். கறுத்துப் போய் இருந்திருந்தாலும் மதிப்பு. ஆரோ பிடிச்சு மினுக்கியிருக்கினம். மினுக்கின காசை ஒருத்தனும் தேடி வாங்கான். வெள்ளி நிறைக்குத்தான் போகும்.”

ஆரோ.

வெள்ளிக்கிழமைகளில் கமலாம்பிகை அதைச் சாமித்தட்டிலிருந்து எடுத்து, திருநீறு போட்டுத் தேய்ப்பாள். ராணியின் முகம் மேலே, அதன்மேல் பெருவிரல். வன்னியில் சண்டை மூண்டு செல்லடி தொடங்கி, தம்பியின் போன் நின்றபிறகு கிழமை பார்ப்பதை விட்டாள். சமைக்கும்போதும் தேய்த்தாள், படுத்திருந்தும் தேய்த்தாள். “ஓட்டை விழப்போகுதடி” என்று ஞானசுந்தரம் ஏசுவார். போன் வரவேயில்லை.

இதைச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. இவனுக்கென்ன விளங்கும் என்று விழுங்கினார்.

“எவ்வளவு வரும்?” என்றாள் தக்சாயினி.

“ஒருநேரச் சாப்பாட்டுக் காசு.”

அவள் மூக்கைத் துடைத்தாள். “அப்ப சரி. அம்மாவோடயே போகட்டும். வையுங்கோ அப்பா.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஞானசுந்தரத்துக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது.

“நல்ல விலை போயிருந்தா?”

“அப்பா, இப்ப ஏன்…”

“சொல்லு. அவளின்ர கையில இருந்து பறிச்சிருப்பியள், என்ன?”

மண்டபத்து ஜெர்மன்காரன் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தான்.

கமலாம்பிகையின் விரல்கள் மடங்க மறுத்தன. அவர் காசை உள்ளங்கையில் செருகி, சேலைத் தலைப்பை இழுத்து மூடினார்.

“இவன் பாத்தது பிழை. வேற ஆளிட்டக் காட்டியிருக்கவேணும்.”

“ஓம் அப்பா.”

“சும்மா ஓம் எண்டாதை.”

மூடியைத் தூக்கினார்கள். அது பெட்டியில் படிகிற சத்தம் கேட்குமுன் அவர் வெளியே வந்துவிட்டார். பின்னால் மகள் கூப்பிட்டாள். திரும்பவில்லை. கல்லறைப் பூக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன ஒரு ஜெர்மன் கிழவி எதிரே வந்தாள்.

“அவனுக்குக் காசு பாக்கத் தெரியாது,” என்று அவளிடம் தமிழிலேயே சொன்னார்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, விளங்கினவள்போலத் தலையாட்டினாள்.

அவர் நம்பவில்லை. நடந்தார்.