நுழைய முயல்வது நீங்களா?

தம்பியின் இடது கையைத் துடைத்து முடித்து வலது கையை அண்ணன் தூக்கியபோது, கதவைத் தட்டாமல் ஒருவன் அறைக்குள் வந்தான். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. சாவு வீட்டுக்கு வரும்போதாவது அதைக் கழற்றி வைத்திருக்கலாம்.

"நான் சாரோட மேனேஜர்," என்றான். "ரொம்ப வருத்தமா இருக்கு."

அண்ணன் வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தான். முப்பது வருஷம் குடோனில் மூட்டை தூக்கிய கை. பிழிந்தால் சொட்டு மிஞ்சாது. விடிகாலையில் கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தம்பி போயிருந்தான். டாக்டர் வந்து பார்த்துக் காகிதம் எழுதிக் கொடுத்துப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நீங்கதானே போன மாசம் இவனை வேலையை விட்டு அனுப்பினது?"

மேனேஜர் அட்டையைத் தடவினான். "அது கம்பெனி முடிவு சார்."

கம்பெனி முடிவாம். கம்பெனிக்கு முகம் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுண்ணே, ஒரு தடவை பாத்துட்டு வர்றேன் என்பான் தம்பி. இருபத்தாறு வருஷம் அங்கே புரோகிராம் எழுதினவன். எந்த லாரி எந்தக் குடோனுக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்கிற புரோகிராம். ஆபீசில் அவனுக்கு வைத்த பேர் 'பழசு'. கடைசி ஆறு மாசம் ஏ.ஐ. ஒன்றைக் கொண்டுவந்து, உனக்குத் தெரிந்ததையெல்லாம் இதற்குச் சொல்லிக்கொடு என்றார்கள். சொல்லிக்கொடுத்தான். முடிந்ததும் போகச் சொன்னார்கள்.

"தப்பையே கூசாம சொல்லுதுண்ணே," என்றான் அன்றைக்கு. "மனுஷன் தெரியலன்னா தலையைச் சொறிவான். இதுக்குச் சொறியத் தலையே இல்ல. நாளைக்கு எல்லாம் உடைஞ்சா யாரைக் கூப்பிட்டுத் திட்டுவானுங்க?"

"உன்னைத்தான்," என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சார், ஒரு சின்ன உதவி," என்று மேனேஜர் பக்கத்தில் வந்தான். "காலைலேருந்து சிஸ்டம் நின்னு போச்சு. ஏ.ஐ. எதையோ சரி பண்றேன்னு மொத்தத்தையும் மாத்தி வச்சிடுச்சு. பழையபடி கொண்டுவரணும்னா சாரோட கணக்கு வழியாத்தான் உள்ள போகணும். அதை மாத்த நாங்க மறந்துட்டோம். இப்ப அவர் போன்ல ஒரு கேள்வி வந்திருக்கும். 'ஆம்'னு தொட்டாப் போதும். போனைத் திறக்கத்தான்…" அவன் பார்வை கட்டிலுக்குப் போனது. "சாரோட கட்டைவிரலை ஒரே ஒரு தடவை வைக்கணும்."

துணி நழுவி வாளிக்குள் விழுந்தது.

நாற்பத்தொரு வயது வரைக்கும் அண்ணனுக்கு எழுத்து தெரியாது. குடோனில் அவன் பேரே 'கைநாட்டு'தான். ஒருநாள் மூட்டை அடுக்கு சரிந்து, கூட வேலை பார்த்தவன் அடியில் மாட்டிச் செத்தான். அன்று சாயங்காலம் மேஸ்திரி இவன் கையைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அமுக்கி, ஒரு தாளில் வைத்தான். "சும்மாதான்பா. நீ அங்க இருந்தேங்கிறதுக்கு." அப்புறம்தான் தெரிந்தது. செத்தவன் குடித்துவிட்டு வந்து தானே அடுக்கைப் பிடித்து இழுத்தான் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் குடிக்காதவன் அவன். மறுவாரமே அண்ணன் முதியோர் பள்ளிக்கூடத்தில் சிலேட்டோடு போய் உட்கார்ந்தான்.

"வெளிய போ," என்றான் அண்ணன்.

"சார், இருநூறு லாரி நிக்குது. உங்களை மாதிரி லோடுமேனெல்லாம் வேலையில்லாம நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நாங்க நின்னு பழகினவங்க."

"மாமா."

வாசலில் தம்பி மனைவி நின்றாள். அழுது முடித்த முகம், இல்லை, இன்னும் ஆரம்பிக்காத முகம்.

"போனைத் திறக்கணும் மாமா."

"நீயும் இவன் பேச்சைக் கேக்குறியா?"

"இவருக்காக இல்ல. பொண்ணுக்கு இன்னும் சொல்லல."

மகள் தூர ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போன வாரம்தான் நம்பரை மாற்றினாள். புது நம்பர் அவள் அப்பா போனில் மட்டும்தான். இன்டர்நெட்டில் தேடவும் வழியில்லை. அப்பனும் மகளும் போன வருஷம் ஒரே நாளில் சோஷியல் மீடியாவில் இருந்த எல்லாக் கணக்கையும் மூடியவர்கள். பிறந்தநாளுக்கு ஐந்நூறு பேர் கேக் பொம்மை அனுப்புறான், ஒருத்தன் வீட்டுப் படி ஏற மாட்டேங்குறான் என்று தம்பி கத்திய நாள் அது.

"அவ ஆபீசுக்கு அடிச்சியாம்மா?"

"லீவு நாள் மாமா. யாரும் எடுக்கல."

"பாத்தீங்களா சார், எல்லாருக்கும் நல்லதுதானே…" என்று ஆரம்பித்தான் மேனேஜர்.

"நீங்க பேசாதீங்க," என்றாள் அவள். "நேத்து வரைக்கும் அவர் கூப்பிட்டா எடுக்காதவர்தானே நீங்க?"

போனை அண்ணன் தன் கையில் வைத்துக்கொண்டான். தம்பியின் கட்டைவிரலை எடுத்து வைத்தான். போன் ஒரு தடவை அதிர்ந்தது. திறக்கவில்லை. ஈரம் போலிருக்கிறது என்று தன் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். மறுபடியும் அதிர்ந்தது.

"கொஞ்சம் சூடு இருந்தா…" என்று சொல்ல வந்த மேனேஜர் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். புருஷன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள், குளிர் நாளில் வெளியே போய் வந்தவன் கையைத் தேய்க்கிற மாதிரி. பிறகு அந்த விரலை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள். ரொம்ப நேரம் ஊதினாள். மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை திறந்துகொண்டது.

திரை முழுக்க ஒரு கேள்வி நின்றது. தம்பி போனைத் தமிழில்தான் வைத்திருந்தான், அந்தத் தமிழைத் தினமும் திட்டுவதற்கென்றே.

"அதான் சார், அதேதான்! 'ஆம்' தொடுங்க. சீக்கிரம், போயிடும்."

"இரு. படிக்கணும்."

"படிக்க ஒண்ணுமில்ல சார், சும்மா…"

அண்ணன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். 

"நு… ழைய," என்று எழுத்துக் கூட்டினான் அண்ணன். "முயல்வது. நீங்… களா."

கீழே இரண்டு கட்டம். ஒன்றில் ஆம். ஒன்றில் இல்லை. அவன் கட்டிலைப் பார்த்தான். தம்பியின் தாடையில் சோப்பு நுரை கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. மேனேஜரின் விரல் திரையை நோக்கி வந்தது. அதைத் தோளால் தள்ளிவிட்டு, அண்ணன் தன் விரலாலேயே அழுத்தினான்.

இல்லை.

"ஐயோ! என்ன சார் பண்ணீங்க? மொத்தமா பூட்டிக்கும் சார்!"

"கேட்டுச்சு. உள்ளதைச் சொன்னேன்."

மேனேஜர் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினான். "இல்ல சார், நான் சொன்னேன் சார், அவங்கதான் சார்," என்று யாரிடமோ குழைகிற குரல் படிக்கட்டில் இறங்கிப் போனது.

தம்பி மனைவி நம்பரைத் தேடி எடுத்தாள். மகள் பேருக்குப் பதில் 'முதலாளி' என்று போட்டு வைத்திருந்தான். மணி போனது.

அண்ணன் வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தான். விட்ட இடத்திலிருந்து தம்பியின் வலது கையைத் துடைத்தான். கட்டைவிரலை மட்டும் இரண்டு தடவை.

"சொல்லுங்க பழசு," என்று போனில் சிரிப்போடு குரல் வந்தது. "என்னப்பா, காலங்காத்தால?"

அவள் போனோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் தன் கட்டைவிரலைச் சட்டை ஓரத்தில் துடைத்தான். அதில் மை ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. திரும்பவும் துடைத்தான்.