இடது ஓரத்துக் கல்

ஆதித்தன் மேல் பஞ்சு மூட்டை சரிந்து விழுந்த அன்று தேனிக் கடைவீதியே கூடிச் சிரித்தது. நெல் மூட்டை விழுந்திருந்தாலாவது மரியாதை. இலவம்பஞ்சு! மூன்று மூட்டைக்கு அடியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தவனைச் சுமை தூக்கும் அம்மாவாசிதான் வெளியே இழுத்துப் போட்டான்.

"சின்ன மொதலாளி, பஞ்சுக்கே இப்பிடின்னா பருத்திக்கொட்டை விழுந்தா என்ன செய்வீக?"

கடைக்குள் உட்கார்ந்திருந்த அவன் அய்யா பலவேசம் சொன்னது அதைவிட மோசம்.

"அவனுக்குப் பேனாவத் தூக்குனாலே மூச்சு வாங்கும்."

பெற்ற மகனைப் பற்றிக் கூலியாட்கள் முன்னால் பேசுகிற பேச்சா இது?

ஆதித்தன் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவன். தன்னைத் தானே புத்தகப்புழு என்று சொல்லிக்கொள்வான், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமை அன்றைக்குப் பொசுங்கிப் போனது. வந்த ஆத்திரத்தில் மெட்ராசுக்கு எழுதிப்போட்டு, தபாலில் தேகப்பயிற்சிப் பாடம் வரவழைத்தான். பாடத்தில் இரும்புக் குண்டு தூக்கச் சொல்லியிருந்தது. குண்டுக்கு எங்கே போவது? கடையில் எடைக்கல் இருந்தது.

தராசுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் கைப்பிடி வைத்த பத்துக் கிலோ இரும்புக் கற்கள் இரண்டு, வலது ஓரத்தில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று. விடிந்ததும் கடை திறக்கும் முன்னே வலது கல்லை வலது கையிலும் இடது கல்லை இடது கையிலும் எடுத்துக்கொண்டு முழங்கையை மடக்கி மடக்கித் தூக்குவான். பலவேசம் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"எடுத்த எடத்துல வைக்கணும். எடம் மாறுச்சு, கைய ஒடிச்சிருவேன்."

வியாபாரி வீட்டு ஒழுங்கு என்று ஆதித்தன் நினைத்துக்கொண்டான்.

புத்தகப்புழு அல்லவா, நோட்டும் போட்டான். தேதி, எத்தனை தடவை தூக்கினான், புஜத்தின் சுற்றளவு, எல்லாம் அதில் ஏறியது. ஊறவைத்த கொண்டைக்கடலையும் பச்சை முட்டையும் தின்று தின்று சட்டை தோளில் பிடிக்கத் தொடங்கியது. ஆனால் வலது கை பதினான்கு தடவை தூக்கினால் இடது கை எட்டிலேயே நின்றது. சனியன் பிடித்த கை என்று அதைத் திட்டினான். தண்டனையாக இன்னும் இரண்டு சுற்று கூடுதலாகத் தூக்க வைத்தான். எட்டு மாதத்தில் இடது புஜம் வலதைவிட அரை அங்குலம் பருத்துவிட்டது. ஆனாலும் எண்ணிக்கை ஏறவில்லை. பருத்த கை எப்படிக் குறைவாகத் தூக்கும்? கணக்குப் படித்தவனுக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. அவன் தன் கையைத்தான் சந்தேகப்பட்டான், கல்லை அல்ல.

சித்திரை பிறப்புக்குக் கடைக்கு வெள்ளையடித்தார்கள். கற்களை எடுத்து வைத்த அம்மாவாசி இடம் மாற்றி வைத்துவிட்டான். மறுநாள் காலையில் வலது கை ஒன்பதில் துவண்டது. திட்டு வாங்கிய இடது கை இருபதைத் தாண்டியும் நிற்கவில்லை.

ஆதித்தன் கற்களை மாற்றிப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பிறகு இரண்டையும் கவிழ்த்து அடியைத் தடவினான். ஒன்றில் ஈயம் கட்டைவிரல் கனத்துக்கு நிரம்பிக் கிடந்தது.

கடையைக் கூட்ட வந்த அம்மாவாசியிடம் கல்லைக் காட்டிக் கேட்டான்.

"இது கனமா இருக்குல்ல?"

"சம்சாரிககிட்ட சரக்கு வாங்குற கல்லு கனமாத்தான இருக்கும்?"

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பன்னண்டு வருசமா தூக்குறேன், கைக்குத் தெரியாதா? நீக இப்பத்தான தூக்குறீக."

ஆதித்தனுக்கு முகம் எரிந்தது. கல்லில் ஒரு கிலோவாவது கூடுதல் இருக்கும்; ஒரு கிலோ இலவம்பஞ்சு என்றால் ஒரு தலையணை. மூட்டைக்கு ஒரு தலையணை உருவிக்கொண்டு அய்யா ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார். அந்தக் கல்லுக்காகத் தன் கையை எட்டு மாதம் வைதிருக்கிறான். சாயங்காலம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கற்களைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

சாயங்காலம் வரை பொறுக்க விடவில்லை. பத்து மணிக்கு வருசநாட்டிலிருந்து பஞ்சு விற்கிற சம்சாரி ஒச்சாண்டி ஆறு மூட்டையோடு வந்து இறங்கினார். மூட்டை பத்துக் கிலோ என்று ஊரில் நிறுத்துக் கட்டிய பஞ்சு. பலவேசம் இடது ஓரத்துக் கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். மூட்டை மேலேயே நின்றது.

"ஒரு கிலோ கொறையுதே."

"ரேசன் கடைத் தராசுல நிறுத்தேன் மொதலாளி. முள்ளு சரியா நின்னுச்சு."

"வர்ற வழியில உருவி வித்துட்டு, என் தராசக் கொற சொல்றியா?"

ஒச்சாண்டியின் தாடை இறுகியது. "எம் பஞ்ச நானே எதுக்கு மொதலாளி களவாங்கணும்?"

"பித்தலாட்டக்காரப் பயலே, எறங்குய்யா கடைய விட்டு!"

வீதியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சாண்டி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தகப்பன் வயசு மனுசன். அதற்கு மேல் ஆதித்தனால் தாங்க முடியவில்லை. மூட்டையைத் தட்டிலிருந்து தள்ளிவிட்டு, வலது ஓரத்துக் கல்லைத் தூக்கி அங்கே வைத்தான்.

"பத்துக்குப் பத்து. எல்லாரும் பாருங்க."

வாங்குகிற கல் இருந்த தட்டு தொபுக்கென்று தரையில் இடித்தது. பலவேசம் பாய்ந்து வந்தார். அதற்குள் ஆதித்தன் அந்தக் கனத்த கல்லை இடது கையில் எடுத்துவிட்டான். அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"இதுக்குத்தான் முட்டை முட்டையா முழுங்கி ஒடம்ப வளத்தியாலே?"

"இதுக்குன்னு தெரியாமத்தான்யா வளத்தேன்."

பலவேசத்தின் பிடி தளர்ந்தது. ஆதித்தன் படியிறங்கினான். ஒச்சாண்டி துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். எடைக்கல்லுக்கு முத்திரை போடும் ஆபீசுக்குப் போக பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும்.

அம்மாவாசி பின்னாலேயே ஓடி வந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"சின்ன மொதலாளி, குடுங்க, நான் தூக்கியாறேன். கை வலிக்கும்."

"வலிக்காது. எட்டு மாசமா இந்தக் கைதான இதச் சொமக்குது."