நிலாவுக்கு வெள்ளையடிக்கப் போனவன்

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் காளியப்பனின் மகன் மாதேஷுக்குப் பதினேழு வயது. கொரோனாவுக்கு எல்லாரும் வீட்டுக்குள் போனோம், எல்லாரும் வெளியே வந்தோம்; இவன் மட்டும் வர மறந்துவிட்டான். பத்தாவது பரீட்சையை எப்படியோ எழுதி முடித்து, அதோடு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கும்பிடு போட்டான். பிறகு அவனும் ஒரு செல்போனும், அதில் ஓடும் ஜப்பான் அனிமே கார்ட்டூன்களும்தான். அந்த அறையின் இருட்டுக்கு வௌவாலே டார்ச் லைட் கேட்கும். நாள் முழுக்க அவன் பேசியது மூன்று வார்த்தை: ம், வேணாம், சார்ஜர்.

சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, அடுத்த வீட்டுச் சங்கதிகளை எடை போடுவதுதான் என் முழுநேர உத்தியோகம். காளியப்பன் மண்டியில் எனக்கென்று ஒரு நாற்காலியே உண்டு. அதில் உட்கார்ந்துதான் இவ்வளவையும் பார்த்தேன்.

மண்டிப் பெட்டிகளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பழத்தோடு கேரளாவுக்கும் சென்னைக்கும் போகிற பெட்டிகளில் பாதி திரும்பி வராது. அதனால் அவரவர் பெட்டியில் அவரவர் குறியைப் பெயின்டால் எழுதுவார்கள். அந்த வேலைக்குத்தான் காளியப்பன் மகனை அறையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். எழுதச் சொன்னது 'கா' என்கிற ஓர் எழுத்து. பையன் வரைந்தது ஒரு பெண்ணின் முகம். முகமென்றால் முக்கால்வாசி கண்தான். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பஞ்சாயத்தே குடியிருக்கலாம்.

பழம் பிரிக்கிற பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் சுமித்ராவும் ஒருத்தி. வத்தல்மலைப் பெண், பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பாலக்கோட்டில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இது யாருங்க? கண்ணு டயர் சைசுல இருக்குது."

மாதேஷ் தரையைப் பார்த்தான். பெயின்ட் டப்பாவைப் பார்த்தான். பூமி பிளக்குமா என்றும் பார்த்திருப்பான். பிளக்கவில்லை.

"ஏணி புடிக்கிற பொண்ணு" என்றான்.

"எந்த ஏணி?"

அவ்வளவுதான், அணை திறந்துவிட்டது. நிலாவுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்குப் போன ஒரு பையனின் கதை. அவன் மேலே அடித்துக்கொண்டே இருப்பான். கீழே ஒரு பெண் ஏணியைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். அவள்மேல் அவனுக்குப் பிரியம். ஆனால் இறங்கி வந்து சொல்லத் தைரியமில்லை. ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு என்று மாதேஷ் சொன்னான். பெண்கள் காயையும் பழத்தையும் ஒரே பெட்டியில் போடுகிற அளவுக்கு மெய்மறந்து கேட்டார்கள். நானும் டீயை ஆறவிட்டேன். அது என் வாழ்நாளில் நடந்ததில்லை.

"புடிச்சிருக்குன்னு சொல்ல வாய் வரலன்னா ஜப்பான்ல என்னாங்க பண்ணுவாங்க?" என்று ஒருநாள் சுமித்ரா கேட்டாள்.

"இடுப்ப மடிச்சிக் குனிவாங்க. அவ பதில் சொல்ற வரைக்கும் நிமிர மாட்டாங்க."

"நம்மூர்ல குனிஞ்சா முதுவுல மூட்டைய ஏத்திருவாங்க சாமி" என்றாள் மூத்தவளான குள்ளம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். மாதேஷும் சிரித்தான். அவன் பற்களை ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு பையன் குளித்தான், முடி வெட்டினான், டீக்கடையில் நின்று தானே டீ சொன்னான். பெட்டிகளில் இருந்த முகம் மெல்ல மெல்லச் சுமித்ராவின் முகமானது, மூக்குத்திகூட வந்துவிட்டது. அந்த முகத்தை லாரிக்காரர்கள் எங்கிருந்தாலும் அடையாளம் கண்டு திருப்பிக் கொண்டுவந்தார்கள். காளியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். கதை முடியவே மாட்டேனென்றது. நிலாவில் வெள்ளையடித்த இடமெல்லாம் மறுபடி மறுபடி காரை உதிர்ந்தது. கடைசி எபிசோடு வந்தால் சுமித்ரா போய்விடுவாள் என்று பையன் நினைத்தான்.

ஆனால் அவளைப் போக வைத்தது தக்காளி விலை. ஒரே வாரத்தில் அது விழுந்த வேகத்தில் பாலக்கோட்டு மாடுகளே பழத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. தக்காளிக் காட்டில் யாரும் பறிக்கவில்லை. மண்டியில் பிரிக்கப் பழமில்லை. சுமித்ராவுக்கு ஓசூரில் செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்தது. தங்குவது ஹாஸ்டலில். கூட்டிக்கொண்டு போக அவள் அம்மா ராமக்கா மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

குள்ளம்மாள் வந்து சேதி சொன்னதும் மாதேஷ் பெயின்ட் கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். கூட்டம் என்றால் வேர்த்துக் கொட்டுகிற பையன் சந்தைக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிறான். நான் விடுவேனா? பின்னாலேயே போனேன்.

ஓசூர் பஸ் புறப்பட நின்றது. சுமித்ராவின் முன்னால் போய் நின்றான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கடைசியில் கைகளை ஒட்டி வைத்து, இடுப்பை மடித்துக் குனிந்தான்.

எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை பொது இடத்தில் ஒரு பெண்ணின் முன் குனிந்தால், ஒன்று ஓட்டுக் கேட்கிறான், இல்லை செய்யக் கூடாததைச் செய்திருக்கிறான். இவனுக்கு ஓட்டுக் கேட்கும் வயதில்லை.

"என்னாடா பண்ணன எம் பொண்ண?" என்று ராமக்கா பையைக் கீழே போட்டாள். "எதுக்குடா அவ கால்ல வுழற? மலக்காரங்கன்னா கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

கூட்டம் சூழ்ந்தது. "காளியப்பன் பையன்தான இவன்?" என்றான் ஒருவன். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். மாதேஷ் நிமிரவில்லை. பதில் வராமல் நிமிரக் கூடாதே.

அங்கே அந்தக் குனிவின் அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். பிரியம் என்று ஒரு வார்த்தை அந்த இடத்தில் விழுந்திருந்தால், சுமித்ரா ஓசூர் போயிருக்க மாட்டாள். மலைக்குத் திருப்பி ஏற்றியிருப்பார்கள். அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று எங்கள் மாவட்டத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சுமித்ரா அவனுடைய பிடரியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. பழத்த மாத்திப் போட்டது இவரு, திட்டு வாங்கனது நானு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறாரு." அவன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிட்டனுங்க. நிமிருங்க."

நிமிர்ந்தான். அதற்குள் அவள் படியேறிவிட்டாள். கூட்டம் ஏமாந்து கலைந்தது.

பஸ் ராயக்கோட்டை சாலையில் திரும்புவதற்குள் காளியப்பனுக்குப் போன் போய்விட்டது. மண்டி வாசலிலேயே அறை விழுந்தது.

"என்ன தப்புடா பண்ண?"

மாதேஷ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, சுமித்ரா சொன்னதையே சொன்னான்.

"பழத்த மாத்திப் போட்டன்."

"அப்ப பிரிக்கக் கத்துக்க."

விலை ஏறியதும் சுமித்ரா உட்கார்ந்து பிரித்த கோணிச் சாக்கிலேயே அவனை உட்கார வைத்தார் அப்பா. காய் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். இப்போது கேட்டதற்குப் பதில் சொல்கிறான், எடை கூவுகிறான், லாரிக்காரனோடு சண்டைகூடப் போடுகிறான். பையன் தேறிவிட்டான் என்கிறது ஊர்.

"கடைசில அந்தப் பையன் நிலாவுல இருந்து எறங்குனானா சாமி?" என்று நேற்றுக் குள்ளம்மாள் கேட்டாள்.

"ஏணிய எடுத்துட்டுப் போயிட்டாங்க ஆயா" என்றான், பழத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

அந்நேரம் கேரளா லாரி வந்து நின்றது. பெட்டிகள் ஒவ்வொன்றாய் இறங்கி அவன் எதிரிலேயே அடுக்காக ஏறின. அத்தனையிலும் மூக்குத்தி, அத்தனையிலும் அந்தக் கண்.

காளியப்பன் சுற்றி வந்து பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஒண்ணுகூடக் கொறயலடா மாதேசு. எல்லாம் திரும்பி வந்துருச்சி."