பெரியத்தா வரட்டும்

மதுரை டாக்டர் படம் போட்டே விளக்கினார். என்னைப் பெற்ற அத்தாவின் கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்களும் குறுகிவிட்டன.

"ரெண்டுக்கும் ஒரே நாள்ல ஸ்டென்ட் வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"வைக்கலாம். பிரஷர் சட்டுனு இறங்கலாம், கூடவே இருந்து பார்த்துக்குவோம். தனித்தனியா வச்சா, காத்திருக்கிற குழாய் அதுக்குள்ள அடைச்சுப் பக்கவாதம் வந்துடலாம். எதுவானாலும் இந்த வாரமே முடிவு பண்ணுங்க" என்று ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்தார்.

உத்தமபாளையம் திரும்பினால் வீடு நிறையச் சொந்தம். கம்பத்து மாமா ஒரே தடவை என்றார். குமுளி மச்சான் இரண்டு தடவை என்றார்.

"துபாயிலருந்து அத்தாவோட அண்ணன், உங்க பெரியத்தா வரட்டும். அவுக சொல்லாம எப்படி?" என்றாள் அம்மா.

பத்து நாள் போனது. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டே எனக்குக் கை ஓய்ந்தது. அத்தாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் வந்த பெரியத்தா, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான் வாய் திறக்குமுன் அத்தா வெடித்தார்.

"போதும்ண்ணே! கழுத்து என்னோடது. ஒரே தடவையா வைக்கட்டும். அந்த ஃபாரத்தைக் கொண்டாம்மா!"

பேனாவை நீட்டினேன். அவர் விரல்களிலிருந்து அது நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி நீட்டினேன்.

வலது கை மடியைவிட்டு எழவே இல்லை.