நேரக் கணக்கு இல்லாத வண்டி

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிறு போதவில்லை என்று குரல் கொடுத்தார்கள். கொல்லையில் கொடிக்கயிறு கிடக்கிறது, அவிழ்த்துக் கொடு என்று மகனிடம் சொல்லச் சந்திரலேகா நிமிர்ந்தாள். பந்தல் காலில் சாய்ந்து நின்றவனைக் காணோம்.

கண்ணால் பந்தல் முழுக்கத் தேடினாள்.

புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவள் கதறி அழ வேண்டும் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்த பெண்கள், இவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் காணோமே என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். என்ன செய்வது, அவளுக்கு அழுகை வரவில்லை. காலையில் சேதி வந்ததிலிருந்து பயம்தான் வந்தது. கொளஞ்சியப்பனுக்கு வந்தது வந்துவிட்டது. அதே சங்கதி மகனுக்கும் வந்துவிடுமோ என்றுதான் பயம். அறிவுமதிக்கு இருபத்து மூன்று வயது. அப்பனும் மகனும் மணவாளன் என்கிற ஒரே முதலாளியிடம் ஆளுக்கொரு லாரி ஓட்டினார்கள்.

எல்லாம் புயல் போன மறுநாள் ஆரம்பித்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் மின்கம்பங்கள் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தன. கம்பமும் கம்பியும் ஏற்றுகிற லாரிகளுக்கு நேரக் கணக்கு கிடையாது, புயல் வேலைக்காகச் சில நாளைக்குத் தளர்வு என்று உத்தரவு வந்தது. டிரைவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று ஒரு சட்டம் இருப்பதே சந்திரலேகாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தைந்து வருஷம் டிரைவர் பெண்டாட்டியாக இருந்தாள், ஒரு புண்ணியவானும் அதைச் சொன்னதில்லை. அது இனிமேல் இல்லை என்கிறபோதுதான் சொன்னார்கள்.

கொளஞ்சியப்பனுக்கு அதில் பெருமை வேறு. வண்டியின் முன்கண்ணாடியில் ‘புயல் நிவாரணம் – அவசரம்’ என்று தாள் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். மந்திரி வண்டி மாதிரி போய் வந்தார்.

“ஒரு போலீசு கை காட்டல லேகா. டோல்கேட்டுல சல்யூட் அடிக்காத கொறதான்” என்று முந்தாநாள் போனில் சிரித்தார்.

“அது இருக்கட்டும். தூங்குனீங்களா?”

“தூங்கிக்கலாம், எங்க போயிடப் போவுது. ஊரே இருட்டுல கெடக்குது. நம்ம தெருவுக்கும் கரண்டு வரணுமா இல்லியா?”

அந்தத் தெருவுக்குத்தான் இன்னும் கரண்டு வரவில்லை. கொழுந்தன் தேவநாதன் அலைந்து திரிந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்து இறக்கினான். இறக்கிய பிறகுதான் அதைச் சொருகக் கரண்டு வேண்டும் என்று அவனுக்கே உறைத்தது. பெட்டி வாசல் ஓரமாகச் சும்மா கிடந்தது. உடம்பை வைத்திருக்க முடியாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள்.

“பையன் எங்க? குளிப்பாட்டத் தண்ணி எடுத்தாரணும்” என்று ஒருவர் கேட்டார்.

“இங்கதான் நின்னான்” என்றான் தேவநாதன்.

சந்திரலேகா எழுந்துவிட்டாள். தலைமாட்டை விட்டு எழக்கூடாது என்று யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் மாலையும் கையுமாக மணவாளன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சிவந்த கண்கள். அவரும் தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

“அறிவப் பாத்தீங்களா மொதலாளி?”

“இப்பதாம்மா பேசிட்டுப் போனான். நல்ல பையன். நான் வாயெடுக்கறதுக்கு முந்தி அவனே சொல்லிட்டான், காரியம் முடிஞ்சதும் வண்டி எடுத்துடறேன்னு. பெண்ணாடத்துல இந்த வண்டிக்குன்னு கம்பம் காத்துக் கெடக்குது. என்கிட்ட வேற ஆளு இல்ல. தளர்வ இன்னும் மூணு நாளு நீட்டிட்டாங்க, அதனால ஒண்ணும் பிரச்சன வராது.”

  பிரச்சனை வராது என்று அந்த மனுஷர் சொன்னதையே நினைத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். போலீஸ் பிரச்சனை வராது. அது வராததால்தானே இது வந்தது.

தெருக்கோடியில் லாரி நின்றது. கொளஞ்சியப்பன் ஓட்டிய அதே லாரி. கடலூர் ஆஸ்பத்திரியில் பிண வண்டி எதுவும் காலியில்லை, தண்ணீர் வடியாத ஊர்களுக்கெல்லாம் போயிருந்தது. அறிவுமதி தன் லாரியைக் கடலூரிலேயே விட்டுவிட்டு, அப்பாவை அந்த லாரியின் பின்னால் தார்ப்பாய் விரித்துப் படுக்க வைத்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று தானே ஓட்டிக்கொண்டு முட்லூர் வீடு வந்து சேர்ந்தான். கண்ணாடியில் தாள் இருந்ததால் வழியில் யாரும் நிறுத்தவில்லை.

லாரி நிழலில் நாலைந்து டிரைவர்கள் குந்தியிருந்தார்கள். அதில் ராஜ்கமல், கொளஞ்சியப்பனோடு பத்து வருஷமாக ஓடியவன், இவளைப் பார்த்ததும் எழுந்து கையை உயர்த்தினான். மெதுவாக வரச் சொல்கிற மாதிரி கையை ஆட்டினான்.

“சத்தம் போடாதீங்க அண்ணி. உள்ள தூங்கறான்.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

லாரிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறவனை எழுப்பக் கூடாது. அவன் எத்தனை ஊர் தாண்டி வந்தானோ, இன்னும் எத்தனை ஊர் போக வேண்டுமோ, கிடைத்த தூக்கத்தைக் கெடுப்பது பாவம். ஆரன் அடிக்க மாட்டார்கள், கதவை ஓசைப்படாமல் சாத்துவார்கள், அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு தங்கள் வண்டியை எடுப்பார்கள். சண்டைக்காரனுக்கும் அந்த மரியாதை உண்டு.

இன்றைக்குக் காலையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அந்த மரியாதையைத்தான் கொளஞ்சியப்பனுக்குச் செய்திருக்கிறார்கள். முப்பது நாற்பது லாரிகள் வரிசை கட்டி நிற்க, எல்லா வண்டியிலும் டிரைவர்கள் விழுந்து கிடந்தார்கள். அவரும் ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்தார். முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று ராஜ்கமல் ஒரு துண்டை எடுத்துப் போர்த்தினான். கிரேன் வந்து அவர் வண்டியிலிருந்து கம்பங்களை ஒவ்வொன்றாக இறக்கியது. வண்டி குலுங்கியது, இரும்புச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. அதற்கும் அவர் எழவில்லையே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு தூக்கம் எல்லாருக்கும் பாக்கியிருந்தது. அறிவுமதியும் வந்து ஏறிப் பார்த்தான். பொட்டலத்தில் நாலு இட்லி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டான். அடுத்த லாரிக்கு இடம் விட வேண்டும் என்று ஆள் வந்து தோளைத் தொட்டபோதுதான் சேதி தெரிந்தது. விடிவதற்கு முன்னாலேயே மூச்சு நின்றிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

இதையெல்லாம் அறிவுமதியே அம்மாவிடம் சொல்லியிருந்தான். லாரியை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். “தூங்கறாருன்னு நெனச்சேம்மா.”

“எவ்ளோ நேரமா தூங்கறான்?” என்று சந்திரலேகா கேட்டாள். 

“ஏறினதும் விழுந்துட்டான். பாவம், நாலு நாளா அவனும்தான” என்றான் ராஜ்கமல்.

“நீ ஏறிப் பாத்தியா?”

“எதுக்கு அண்ணி, தூங்கறவன...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான்.  குந்தியிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் லாரிப் பக்கம் ஒருத்தனும் காலெடுத்து வைக்கவில்லை. என்ன இருக்குமோ என்று அவர்களுக்கும் பயம்.

அவள்தான் போனாள். படியில் கால் வைத்தபோது புடவை தடுக்கியது. கதவைத் திறந்தாள். அறிவுமதி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக் கொடுத்துக் கிடந்தான். ஒரு கை கீழே தொங்கியது. காலையில் அவன் அப்பா எப்படிக் கிடந்தார் என்று அவள் பார்க்கவில்லை. இப்போது பார்த்த மாதிரி இருந்தது.

“அறிவு.”

அசைவில்லை.

“டேய் அறிவு. அய்யா.”

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஸ்டியரிங்கில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் புரண்டு, வாய் திறந்தபடி நின்றது. அவள் கையை அவன் மூக்கருகே கொண்டுபோனாள். காற்று வருகிறதா இல்லையா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. சாமி, சாமி என்று வாய் முணுமுணுத்தது. புயலடித்த ராத்திரி கூரை பறந்தபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. அவன் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சில் அழுத்தினாள். ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. பிறகு உள்ளங்கையில் ஒரு இடி. அப்புறம் இன்னொன்று.

“முட்லூர் வந்துட்டுதாப்பா?” என்று அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். கேட்டுவிட்டு மறுபடி விழுந்துவிட்டான்.

சந்திரலேகாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கீழே நின்ற டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராஜ்கமல் சக்கரத்தில் தலையை முட்டிக்கொண்டு விம்மினான்.

தேவநாதன் வேகமாக வந்தான்.

“என்னா அண்ணி இது, அங்க எல்லாரும் தேடறாங்க. அவன எழுப்புங்க. தண்ணி எடுக்கணும், பொழுது போவுது. மேளக்காரங்க எப்ப அடிக்கட்டும்னு கேக்கறாங்க.”

“அடிக்க வேணாம்னு சொல்லு.”

“என்னாது?”

“இவன் தானா எழுந்திரிக்கட்டும் தேவா. அதுவரைக்கும் தூக்க வேணாம்.”

“அண்ணனப் போட்டுட்டா? நாலு பேரு என்னா பேசுவாங்க? ஐஸ் பெட்டிக்கும் கரண்டு இல்ல.”

“உங்க அண்ணன் காத்திருப்பாரு. அவருக்கு இனிமே எங்கயும் போயாவணும்னு அவசரம் இல்ல.”

 தேவநாதன் அண்ணன் மகன் தூங்குகிற முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் தப்பு காய்ச்சிக்கொண்டிருந்த மேளக்காரர்கள் நெருப்பை அணைத்துவிட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். ஒப்பாரியும் நின்றது. சாவு வீட்டை அப்படி ஒரு அமைதியில் யாரும் பார்த்ததில்லை.

அவள் மகனை ஒட்டி நடு இருக்கையில் உட்கார்ந்தாள். எட்டி, சாவியைத் திருகி உருவி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மணவாளன் மெல்ல நடந்து வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“ஏம்மா, உன் கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா அங்க ஆஸ்பத்திரிக்குக்கூட லைன் குடுக்கல. மேல இருந்து போன் மேல போன். நான் என்னா பதில் சொல்லுவேன்?”

“அவன் வரமாட்டான் மொதலாளி.”

“அவனே ஒத்துக்கிட்டாம்மா.”

“தூங்காத புள்ள ஒத்துக்கிட்டது கணக்கா? அவங்க அப்பாவும்தான் ஒத்துக்கிட்டாரு. நீங்க நல்லவரு, நான் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பயமா இருக்குது. இவன் தூங்கலன்னாலும் பயமா இருக்குது, தூங்குனாலும் பயமா இருக்குது. நான் என்னா பண்ணட்டும், சொல்லுங்க.”

அவர் சட்டைப் பையைத் தடவினார். மாற்றுச் சாவி அவரிடம் எப்போதும் இருக்கும். ராஜ்கமலைப் பார்த்தார்.

“நீயாவது எடுக்கறியாப்பா?”

ராஜ்கமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எடுக்கணும்னா தம்பிய எழுப்பி எறக்கணும் மொதலாளி. யாரு எழுப்புவாங்க, நீங்க எழுப்புவீங்களா?”

மணவாளன் படியில் ஒரு கால் வைத்தார். அறிவுமதியின் தலை அதற்குள் ஸ்டியரிங்கை விட்டுச் சரிந்து அம்மாவின் தோளுக்கு வந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது.  அவருடைய போன் அடிக்க ஆரம்பித்தது. காலை எடுத்துக் கீழே வைத்து, போனைக் கையால் பொத்திக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போனார்.

“இந்த வண்டி இன்னிக்கு வராது சார்” என்று அவர் சொல்வது கேட்டது. “நாளைக்கும் தெரியாது. இல்ல சார், ரிப்பேர் இல்ல.” அப்புறம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வானம் மறுபடி மூடியது. சந்திரலேகாவின் தோள் மரத்துப் போனது. மகன் நெஞ்சின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. எண்ணவும் இல்லை, ஒரு துடிப்பு வந்தால் அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

முன்கண்ணாடியில் தூறல் விழுந்தது. ஒட்டியிருந்த தாளின் ஓரம் வழியாகத் தெரு முழுக்கத் தெரிந்தது. வீட்டிலிருந்து நாலு பேர் வந்து நாற்காலிகளை ஓசைப்படாமல் தூக்கிப் பந்தலுக்குள் நகர்த்தினார்கள். கட்டி முடித்த பாடை வாசலில் காலியாக இருந்தது. தேவநாதன் ஒரு குடையைக் கொண்டுவந்து விரித்து, பாடைப் பூ நனையாமல் அதன் மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.