மாடிப்படிக்குக் கீழே டெல்லா

ஹாலிவுட்டில் கதையைத் திருத்தினால் திருத்தம் நிறத் தாளில் வரும். அன்று காலை வெர்னா காஸ்ட்னரின் கைக்கு வந்தது இளஞ்சிவப்புத் தாள். படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சக்கர நாற்காலியில் வந்து திருடர்களைப் பிடிக்கும் துப்பறிவாளர் டெல்லா ரூர்க் வேடம் அவளுடையது. தொடர் ஐந்து வாரம்தான் ஓடியிருந்தது. பார்ப்பவர்கள் குறைவு என்று டிவி நிறுவனம் இழுத்து மூடிவிட்டது. இன்று எடுப்பது ஆறாவது, கடைசிப் பகுதி. அதில் திருடன் மாடிக்கு ஓட, டெல்லா நாற்காலியை உதறி எழுந்து, படியேறிப் போய் அவனைப் பிடிக்கிறாளாம்!

"ஒன்பது வயசுல போலியோ வந்து உக்காந்தவ நான். உங்க ரோஸ் பேப்பர் எனக்குக் கால் குடுக்குமா?" என்றாள் வெர்னா.

நிறுவனத்து ஆள் விட்லாக் சிரித்தார். "நீ ஏம்மா ஏறணும்? முதுகுப் பக்கமா டூப் வெச்சு எடுத்துக்குவோம். ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல?"

"டெல்லாவப் பாக்குற எத்தனையோ பொண்ணுங்க நாற்காலியில இருக்காங்க சார். 'மனசு வெச்சா நீயும் எந்திரிப்ப'ன்னு நாளைக்கு வீட்ல அதுங்க உயிர வாங்குவாங்க. தெரியுமா உங்களுக்கு?"

விட்லாக் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் அந்த அரங்கைப் பிரித்து வேறொரு நிகழ்ச்சிக்குக் கொடுத்தாக வேண்டும். இயக்குநர் ஹால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பாவம், அவருக்கு அடுத்த வேலையும் இதே நிறுவனத்தில்தான். மூலையில் வெர்னாவைப் போலவே செம்பட்டை விக் வைத்துக்கொண்டு டூப் பெக்கி தயாராக இருந்தாள். டெல்லாவை இவர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு நாளை எந்த முகத்தோடு கண்ணாடி பார்ப்பது என்று வெர்னாவுக்கு மனம் கொதித்தது.

கேமரா ஓடியது. திருடன் எடி தடதடவென்று மாடியேறினான். வெர்னா படியருகே நாற்காலியை நிறுத்தினாள். புதுத் தாளின்படி இங்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழப் பார்க்க வேண்டும். அவளோ சக்கரத்துக்கு பிரேக் போட்டாள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து நிதானமாகக் காபி ஊற்றினாள்.

"டேய் எடி! மேல வேற வழி கிடையாதுடா. மெதுவாவே வா. எனக்கென்ன கால் வலிக்கவா போகுது? உக்காந்துதான இருக்கேன்."

"நிறுத்தச் சொல்லுய்யா!" என்று விட்லாக் ஹாலின் காதில் சீறினார். ஹால் கேமராவை ஓடவிட்டார்.

மேலே நின்ற நடிகனுக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டிப் பார்த்தான். வெர்னா ஒரு வாய் குடித்தாள். அவன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் விலங்கைப் பூட்டினாள்.

"கட்! இதுதான் டிவியில வரும்," என்றார் ஹால்.

பெக்கி விக்கைக் கழற்றினாள். "நான் வீட்டுக்குக் கெளம்புறேன்பா. எனக்கு இங்க என்ன வேலை?"

வழக்கப்படி உதவி இயக்குநர் கத்தினார்: "வெர்னா காஸ்ட்னருக்கு இதுதான் கடைசி ஷாட்!" விளக்குக்காரர்கள் ஏணியிலிருந்து இறங்கி வந்து கைதட்டினார்கள். விட்லாக் மட்டும் இளஞ்சிவப்புத் தாளைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

வெர்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டெல்லா ரூர்க் வாழ்ந்தது ஆறே வாரம். அதில் ஒரு நாளும் அவள் எழுந்து நிற்கவில்லை, ஒரு திருடனையும் தப்ப விடவில்லை.